இடம்புரி மரை

மவுண்டன் பைக் வாங்கியவனிடம் ஊர் கேட்கும் கேள்விகள் மூன்று. என்ன விலை, எத்தனை கியர், இந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டரே வாங்கியிருக்கலாமே. மூன்றாவது கேள்வியல்ல, தீர்ப்பு. பாட்டம் பிராக்கெட் என்ன அளவு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இரண்டு கிராங்கையும் சேர்க்கும் அச்சும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஃப்ரேமின் அடிவயிற்றில் ஒரு குழாய்க்குள் கிடக்கின்றன. கண்ணில் படாது, கெட்டுப்போனால் காதில் படும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் சுற்றுக்கு ஒரு தரம் "கடக்" என்று ஆஜர் சொல்லும்.

கோவையில் நான் போகும் சைக்கிள் கடைக்காரர் நல்ல மனிதர். கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "பிபி போயிடுச்சுங்க" என்றார். கூட வந்திருந்த என் மாமனார் பதறிப்போய், "ஏனுங்க மாப்பிள்ளை, மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்றார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, புதுசு என்ன சைஸ் என்று கேட்டேன்.

"ஸ்டாண்டர்டு சைஸ்தானுங்க."

சைக்கிள் உலகத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது.

முதலில் துளையைப் பார்க்க வேண்டும். மரை போட்டதா, பேரிங்கை அழுத்தி இறக்கும் பிரெஸ்-ஃபிட்டா? மரை என்றால் அந்தக் குழாயின், அதாவது ஷெல்லின், அகலம் 68 மி.மீ. அல்லது 73. மலை உச்சியிலிருந்து உருண்டு வருபவர்களின் டவுன்ஹில் வண்டிக்கு 83, கொழுத்த டயர் போட்ட ஃபேட் பைக்குக்கு 100. பேரிங்கைத் தாங்கித் துளைக்குள் திருகும் கப்பின் விளிம்பையும் சேர்த்து அளந்துவிட்டால் உலகத்தில் யாருமே செய்யாத ஓர் அளவு கிடைக்கும். பிளஸ் டூ லேபில் வெர்னியர் காலிபரைக் கையில் கொடுத்தபோது, இது வாழ்க்கையில் எங்கே உதவப் போகிறது என்று கேட்டவர்கள் நாங்கள். இங்கே உதவுகிறது. இங்கே மட்டும்தான் உதவுகிறது.

அந்த மரைக்குப் பெயர் பி.எஸ்.ஏ. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்ய, நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போனோமே, அதே பி.எஸ்.ஏ.தான். விரித்துச் சொன்னால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்; 1861-ல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கிய இங்கிலாந்துக் கம்பெனி. துப்பாக்கிக்காரன் வைத்த கணக்கு என்ற பயமோ என்னவோ, 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை என்பதை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை.

அதில் ஒரு வில்லங்கம். செயின் பக்கத்துக் கப்புக்கு மரை இடம்புரி. மற்ற எல்லாம் கழலும் திசையில் இது இறுகும். கடைப் பையன் ஸ்பேனரில் மூன்றடிக் குழாயைச் செருகி அதில் தொங்கிக்கொண்டிருந்தான். "தம்பி, மறுபக்கம் திருப்பு" என்றேன். "இல்லீங்ணா, துருப் பிடிச்சிருக்குதுங்க" என்று இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தான்.

ஏன் இந்தக் குளறுபடி? ஒரு பென்சிலைக் கைமுஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து, நுனியை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நுனி ஒரு பக்கம் சுற்ற, பென்சில் தனக்குள் எதிர்ப்பக்கம் உருளும். மிதிக்க மிதிக்கக் கப்பும் ஷெல்லுக்குள் மயிரிழை இடைவெளியில் அப்படித்தான் பின்வாங்கப் பார்க்கும். அந்தத் திசை இறுகும் திசையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இடம்புரி. இத்தாலிக்காரர்கள் மட்டும் 36 மி.மீ. விட்டம், 70 மி.மீ. ஷெல், இரு பக்கமும் வலம்புரி என்று தனிக்குடித்தனம் நடத்தினார்கள். வண்டிகள் என்னவோ ரதிகள்தான். ஆனால் வலப்பக்கம் அடிக்கடி மரை கழலும்.

துளை தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அச்சின் நீளத்தைச் சொல்ல வேண்டியது ஃப்ரேம் அல்ல, கிராங்க். சதுர முனை அச்சில் 110, 113, 118, 122.5 என்று பட்டியல் நீளும். குட்டையாகப் போட்டால் சின்னச் செயின்வீல் ஃப்ரேமைச் சுரண்டும். நெட்டையாகப் போட்டால் செயின் கோணலாக ஓடி முனகும். பழசைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் வாங்கு என்பது பெரியவர்கள் வாக்கு. பழசைப் போட்டவன் சரியாகத்தான் போட்டான் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

என் வண்டியில் இருப்பது ஷிமானோவின் ஹாலோடெக் 2. 24 மி.மீ. அச்சு கிராங்கோடு ஒட்டிப் பிறந்தது. பேரிங் ஷெல்லுக்கு வெளியே உட்காரும். நீளத் தகராறு இல்லை. அதற்குப் பதில் 2.5 மி.மீ. வளையங்கள் உண்டு. பொதுவாக 73 ஷெல்லுக்கு வலப்பக்கம் ஒன்று. 68-க்கு வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. கூட்டிப் பார்த்தேன், இரண்டும் 75.5. மாதச் சம்பளக்காரன் வாழ்க்கையில் ஒரு கணக்கு இப்படி டேலியாவது கண்ணில் நீர் வரவழைக்கும் விஷயம்.

மரை இல்லாதவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. 2000-ல் கேனன்டேல் பிபி30 என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 42 மி.மீ. துளை, 30 மி.மீ. அச்சு. 2006-ல், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவிழ்த்துவிட்டது. எடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? பிஎஃப்30 வந்து துளை 46 ஆயிற்று. ஷிமானோவோ 41 மி.மீ. துளை, மவுண்டன் பைக்குக்கு 89.5 அல்லது 92 மி.மீ. அகலம் என்றது. 2018-ல் ஸ்ராம் கம்பெனி டப் என்பதை இறக்கியது. அதன் அச்சு 28.99 மி.மீ. கவனியுங்கள், 29 இல்லை. பாட்டா செருப்புக்கு விலை ஒட்டிய ஆள் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.

பிரெஸ்-ஃபிட்டில் இறுக்கம்தான் எல்லாம். துளை கொஞ்சம் பிசகினாலும் பேரிங் அசையும். அசைந்தால் பாட்டுக் கச்சேரி. கடைசியில் 2015-ல் கிறிஸ் கிங், ஆர்கனாட் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து, பெரிய துளையிலேயே மரை வெட்டிவிட்டால் என்ன என்று டி47-ஐக் கொண்டுவந்தன. பெரிய கண்டுபிடிப்புதான். அதிலும் கப் உள்ளே இருப்பது, வெளியே இருப்பது என்று இரண்டு வகை வைத்த பிறகே அவர்களுக்கு நிம்மதி. சான்டா குரூஸ் இந்தக் கூத்துக்கு நடுவிலும் தன் பெரும்பாலான மலை வண்டிகளில் பழைய 73 மரையை விடவே இல்லை. அந்தப் பிடிவாதத்துக்கு என் கும்பிடு.

நண்பர் ஒருவர் பிரெஸ்-ஃபிட் போட்ட கார்பன் ஃப்ரேம் வைத்திருக்கிறார். சத்தம் தாங்காமல் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கோவையில் லேத்துக்காரரால் முடியாதது என்று ஒன்று இருப்பதாக யாரும் நம்புவதில்லை. ஓனர் துளைக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். காலிபரைத் தொடவே இல்லை. "ஓவல் அடிச்சிருக்குதுங்க. ஒரு நூல் போரிங் போட்டு, பித்தளை புஷ் எறக்கிட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடுமுங்க."

நண்பர் ஃப்ரேமைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார். "அண்ணே, இது கார்பனுங்க. மூணு லட்சமுங்க."

ஓனர் ஃப்ரேமை விரலால் சுண்டிப் பார்த்தார். "ஏனுங்க, அவ்வளவு காசு குடுத்தும் இரும்புல கெடைக்கலீங்களா?"