குறை சொல்ல உரிமம் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன்,
ஒமாஹா, நெப்ராஸ்கா மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
உயர்திரு விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்கள்,
நெப்ராஸ்கா பல்கலைக்கழகம், லிங்கன்.

பொருள்: கல்லூரிக் கால்பந்து – 2024 சீசன் – ரசிகர்கள் வாய்விட்டுப் புலம்ப அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. மிசௌரியிடம் 16-7 என்று தோற்றது, நாள்: 3.11.1962.
2. அயோவாவிடம் 13-10 என்று தோற்றது, நாள்: 29.11.2024.
3. இடைப்பட்ட காலத்துத் தோல்விகள் (தனிக் கோப்பு).

ஐயா,

பார்வை 2-இல் கண்ட ஆட்டம் முடிந்ததிலிருந்து நம் மாநிலம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு கட்சி பயிற்சியாளர் மேட் ரூலைத் திட்டுகிறது. மற்றொரு கட்சி, திட்டுகிறவர்களைத் திட்டுகிறது. உண்மையான ரசிகன் குறை சொல்ல மாட்டான், எதிர்மறையாகப் பேசுகிறவர்களால்தான் அணி விளங்காமல் போகிறது என்பது இரண்டாம் கட்சியின் சித்தாந்தம். அயோவா நகரத்தில் ஒரு பையன் கையிலிருந்து பந்து நழுவியதற்கும், ஒமாஹாவில் ஒருவன் சோபாவில் உட்கார்ந்து முணுமுணுத்ததற்கும் என்ன தொடர்பு என்று எந்த இயற்பியலிலும் நான் படித்ததில்லை. தங்களிடம் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது, விசாரித்துச் சொல்லவும். பதில் வரும்வரை திருட்டுத்தனமாகப் புலம்புவது கௌரவமாக இல்லை என்பதால், முறைப்படி உரிமம் கேட்டு விண்ணப்பிக்கிறேன்.

இக்கடிதத்தின் நகல் தமிழ் வாசகர்களுக்கும் போகிறது. எனவே தங்களுக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் கால்பந்தில் காலுக்கு அதிக வேலை கிடையாது. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் போட்ட பதினொரு பேரை முட்டித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம் இது. விளையாடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு சீசனுக்கு 12 ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமைகளில். நெப்ராஸ்காவில் மொத்த மக்கள்தொகையே சுமார் 20 லட்சம்தான். சோளம் இருக்கிறது, மாடு இருக்கிறது, பெரிய தொழில்முறை விளையாட்டு அணி எதுவும் இல்லை. ஆகவே சோளம் உரிப்பவர்கள் என்று பெயர் தாங்கிய, சிவப்புச் சட்டை போட்ட ஹஸ்கர்ஸ் அணிதான் எங்களுக்கு எல்லாம். லிங்கனில் உள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆட்ட நாளன்று சுமார் 85,000 பேர் கூடுவார்கள். ஒமாஹா, லிங்கன் நீங்கலாக மாநிலத்தில் எந்த ஊரிலும் அத்தனை பேர் இல்லை. மூன்றாவது பெரிய ஊர் மதியம் முளைத்து, மாலையில் யாரையாவது வைதுகொண்டே கலைந்துபோகும்.

இனி, உரிமத்துக்கான எங்கள் தகுதிகள்.

முதல் தகுதி, விசுவாசம். 1962 நவம்பர் 3 முதல் இந்த ஸ்டேடியத்தில் ரசிகர்களை அனுமதித்து நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. எண்ணிக்கை 400-ஐத் தாண்டிவிட்டது. கல்லூரிக் கால்பந்தில் இதற்கு இணையான சாதனை வேறு கிடையாது. அந்தத் தொடர் ஆரம்பித்த நாளில் நாம் தோற்றோம் என்பதைப் பார்வை 1-இல் காண்க. தோல்வியில் பிள்ளையார் சுழி போட்ட விசுவாசம் இது. ஜெயிக்கிற பக்கம் சாய்கிற கூட்டம் என்று யாரும் எங்களைச் சொல்ல முடியாது. சாய்வதற்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதே இளையவர்களுக்குத் தெரியாது. தேசியப் பட்டம் கடைசியாக வந்தது 1997-இல்.

2021-இல் 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில். அப்படித் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்த ஆண்டு டிக்கெட் தேங்கியபோது, கொடையாளர்கள் பணம் கொடுத்து வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்க ஏற்பாடு நடந்தது. தொடரும் அறுபடவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியதை மறுக்கவில்லை. அந்த சீசனைக் காட்டியது உதவியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் தகுதி, நாகரிகம். எதிரணி ஆடி முடித்து வெளியேறும்போது கைதட்டி வழியனுப்புகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. வீட்டுக்கு வந்து அடித்துவிட்டுப் போகிறவரை வாசல்வரை வந்து வழியனுப்பும் மக்கள் உலகில் வேறெங்கும் இருக்க மாட்டார்கள். கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ரசிகர்கள் இந்த வாசல்கள் வழியே செல்கிறார்கள் என்று ஸ்டேடியத்தில் தாங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். கவனிக்கவும், ‘மிகச் சிறந்த’ என்றுதான் எழுதியிருக்கிறது. ‘வாய் பேசாத’ என்று எழுதவில்லை.

மூன்றாம் தகுதி, பாரபட்சமின்மை. 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே ஸ்டேடியத்தில் நமது பெண்கள் வாலிபால் அணி ஆடியபோது 92,003 பேர் வந்தார்கள். ஒரு புலம்பல் கேட்கவில்லை. அந்த அணி ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றது, அன்றும் வென்றது. அதே ஊர், அதே மைதானம், அதே வாய். எனவே கோளாறு வாயில் இல்லை, ஸ்கோர்போர்டில் இருக்கிறது என்று தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

‘தகுதியெல்லாம் சரி, கொஞ்சம் பொறுமையாக இருக்கக் கூடாதா?’ என்று கேட்பார்கள். பொறுமை நல்ல குணம்தான். அதை எங்களுக்குப் போதிக்கிற தகுதி தங்கள் அலுவலகத்துக்கு இருக்கிறதா என்று கோப்புகளைப் புரட்டிப் பார்த்தேன்.

டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் பயிற்சியாளராக இருந்தார். 255 வெற்றி, மூன்று தேசியப் பட்டம். எந்த ஆண்டும் ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் 2003-இல் 9 வெற்றி, 3 தோல்வி என்று நின்றபோது வேலையை விட்டு அனுப்பப்பட்டார். அணியை நடுத்தர நிலைக்குச் சறுக்க விடமாட்டேன் என்று அன்றைய இயக்குநர் சூளுரைத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு நடுத்தரத்தில் நிற்காமல் நேரே கீழே போனோம்: 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த முதல் சீசன் அது.

பிறகு போ பெலினி. 2008 முதல் ஏழு சீசன், எதிலும் ஒன்பது வெற்றிக்குக் குறைவில்லை. 2011-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 27-6 என்று பின்தங்கிய ஆட்டத்தை 34-27 என்று வென்று காட்டினார். பாதியில் எழுந்துபோன ரசிகர்களை அன்று அவர் தனியே கெட்ட வார்த்தையில் திட்டியது ஒலிப்பதிவாகி 2013-இல் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார், பதவியில் நீடித்தார். ஆக, இந்த மாநிலத்தில் வசைக்கு முன்னுதாரணம் மேலிருந்தே வந்திருக்கிறது. பயிற்சியாளர் ரசிகனைத் திட்டினால் உணர்ச்சிவேகம், ரசிகன் பயிற்சியாளரைத் திட்டினால் துரோகம் என்பது எந்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது?

திட்டியபோது தப்பித்த பெலினி, ஜெயித்தபோது மாட்டிக்கொண்டார். 2014 நவம்பர் 28 அன்று அயோவாவை அதன் சொந்த மண்ணில் கூடுதல் நேரத்தில் 37-34 என்று வென்றார். 30-ஆம் தேதி வேலை போனது. அந்த வெற்றியைப் பற்றிக் கேட்டபோது, அயோவா எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் எடைபோட வேண்டியிருந்தது என்ற பொருளில் அப்போதைய இயக்குநர் பதில் சொன்னார். அதற்குப் பிறகு அதே அயோவா 2015 முதல் 2021 வரை வரிசையாக ஏழு முறை எங்களை அடித்தது. அயோவா எந்த இடத்தில் இருக்கிறது என்பது இப்போது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்: மிசௌரி ஆற்றுக்கு அக்கரையில், எங்களுக்கு மேலே.

அடுத்து மைக் ரைலி வந்தார், மூன்று சீசனில் போனார். அதன்பின் ஸ்காட் ஃபிராஸ்ட். 1997-இல் பட்டம் வென்ற அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய குவார்ட்டர்பேக், மண்ணின் மைந்தன், சென்ட்ரல் ஃபுளோரிடாவில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் 13-0 என்று முடித்துவிட்டு வந்தவர். ராமன் அயோத்திக்குத் திரும்பியதுபோல மாநிலமே கோலாகலப்பட்டது. கணக்கு முடிந்தபோது 16 வெற்றி, 31 தோல்வி. 2022 ஆகஸ்டில் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 என்று முன்னிலையில் இருந்தபோது, பந்தைத் தூர உதைக்காமல் பக்கத்திலேயே உதைத்து மறுபடி நாமே பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு தந்திரம் செய்தார். பிடித்தது அவர்கள். முடிவு 31-28. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42. மறுநாள், செப்டம்பர் 11 அன்று, பதவிநீக்கம்.

இங்கேதான் கவனம் தேவை. ஒப்பந்தப்படி அவரை அனுப்பக் கொடுக்க வேண்டிய தொகை 1 கோடியே 50 லட்சம் டாலர். அக்டோபர் 1 வரை காத்திருந்தால் அதில் பாதி போதும். தங்கள் அலுவலகத்தால் 20 நாள் பொறுக்க முடியவில்லை. கூடுதலாகப் போனது 75 லட்சம் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு நாள் பொறுமையின் விலை 3,75,000 டாலர் என்று வருகிறது. நாள் ஒன்றுக்கு அத்தனை பணம் மிச்சமாகும் என்று தெரிந்தும் பொறுக்க முடியாதவர்கள், அந்தப் பொறுமையை எங்களிடம் ஓசியில் கேட்பது நியாயமா ஐயா? எங்களுக்கும் நாள் கணக்கில் போட்டுக் கொடுத்தால், ரூல் அவர்களின் எட்டு ஆண்டு, 7 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் முடியும்வரை வாயைத் திறக்க மாட்டோம். எழுதித் தரவும் தயார்.

இந்த சீசனுக்கு வருகிறேன். முதல் ஆறில் ஐந்து வெற்றி. ஊரெங்கும் சிவப்பு. அடுத்து இந்தியானாவிடம் 56-7. பிறகு ஒஹாயோ ஸ்டேட், யுசிஎல்ஏ, யுஎஸ்சி என்று வரிசையாக அடி. விஸ்கான்சினை 44-25 என்று வென்றதும் 2016-க்குப் பிறகு முதல் முறையாக சீசன் முடிவில் ஆடும் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்தது. கொண்டாடினோம். ஆறு வெற்றிக்குக் கொண்டாடுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று, கொண்டாடிக்கொண்டே புலம்பினோம். பிறகு அயோவா. இடைவேளையில் 10-0 என்று முன்னிலை. கடைசி நொடியில் அவர்கள் 53 கெஜத் தொலைவிலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து 13-10 என்று முடித்தார்கள்.

2018-இலும் கடைசி உதையில்தான் அயோவாவிடம் தோற்றோம். 2019-இலும் அப்படியே, அந்த வருஷம் உதைத்தவர் எங்கள் பக்கம் பார்த்துப் பறக்கும் முத்தம் வேறு கொடுத்தார். 2023-இல் மறுபடியும், அதே 13-10. இந்த ஆட்டம் நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள் நடப்பது. முதல் நாள் முழுக்க நன்றி சொல்லித் தீர்த்துவிட்டோம். மறுநாள் சொல்வதற்கு எங்களுக்கு வேறு வார்த்தைகள் வேண்டாமா?

உரிமம் வழங்கப்பட்டால், கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்படுவோம் என உறுதியளிக்கிறேன்.

ஒன்று. ஆடுகிற பையன்களைத் திட்ட மாட்டோம். 2021 முதல் அவர்களும் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாமே என்று வாதாடுகிறவர்கள் எங்கள் கட்சியில் உண்டு. சம்பாதித்தாலும் 19 வயதுப் பையன் 19 வயதுப் பையன்தான். பந்தை நழுவவிட்டவனுக்கு நள்ளிரவில் கெட்ட வார்த்தையில் செய்தி அனுப்புகிறவன் ரசிகன் அல்ல. அப்படிப்பட்டவர்களின் உரிமத்தைத் தாங்கள் ரத்து செய்யலாம், நாங்களே ஆள் காட்டுகிறோம். மாநில அரசின் சம்பளப் பட்டியலிலேயே முதலிடத்தில் இருக்கிற பயிற்சியாளரும், அவரை நியமித்த தங்கள் அலுவலகமும் மட்டுமே எங்கள் எல்லைக்குள் வரும்.

இரண்டு. ‘ஆஸ்போர்ன் இருந்திருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஓர் ஆட்டத்துக்கு ஒரு முறைக்கு மேல் சொல்ல மாட்டோம். அயோவா ஆட்டத்துக்கு விலக்கு வேண்டும்.

மூன்று. சனிக்கிழமை மதியம் ‘இவர்தான் கடவுள்’ என்றும், அன்று மாலை ‘இவரைத் துரத்து’ என்றும் ஒரே ஆள் சொல்வதைக் குறைத்துக்கொள்ள முயல்வோம். தங்கள் அலுவலகமே முன்மாதிரி காட்டினால் சீக்கிரம் பழகிவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. பொறுமையின்மையை இந்த மாநிலத்துக்குக் கற்றுக்கொடுத்தது ரசிகன் அல்ல. ஒன்பது வெற்றி போதாது என்று இரண்டு முறை முத்திரை குத்தியது தங்கள் அலுவலகம். நாங்கள் அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவர்கள், அவ்வளவுதான். திட்டுகிறவன் டிக்கெட் வாங்கியவன். நான்காவது கால்பகுதிவரை உட்கார்ந்து பார்த்தால்தான் எங்கே தவறு நடந்தது என்று சொல்லித் திட்ட முடியும். அக்கறையற்றவன் அந்நேரம் சினிமா பார்த்துக்கொண்டிருப்பான், அவனால் தங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை, ஒரு டாலரும் இல்லை. ஆகவே எங்கள் வாய்க்குப் பூட்டுத் தேடாமல், அடுத்த ஆண்டு அயோவாவை ஒரே ஒரு முறை அடிக்க வழி பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாய் தானாக மூடிக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிவப்புச் சட்டைக்காரன்.

ஒமாஹா,
டிசம்பர் 2024.

நகல்: தமிழ் வாசகர்களுக்கு, தகவலுக்காகவும் அனுதாபத்துக்காகவும்.

இணைப்பு: அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டுக்கான காசோலை.