முறுக்கலும் முறுக்கல் நிமித்தமும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சென்னையின் அண்ணா சாலையிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ, அலுவலகம் திறக்கும் வேளையில், ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் இடையே மோட்டார் சைக்கிளோட்டிகள் நிகழ்த்தும் இரு செயல்களே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும். முதலாவது முறுக்கல், அதாவது வலக்கைப் பிடியிலுள்ள ஆக்சிலேட்டரை, சாலை இடங்கொடுக்கும் அளவுக்கு அன்றி மணிக்கட்டு இடங்கொடுக்கும் அளவுக்குத் திருகுதல். இரண்டாவது பிடித்தல், அதாவது அவ்வாறு ஈட்டிய வேகம் முழுவதையும், உலக வழக்கில் சடன் பிரேக் எனப்படும் முறையில், இரண்டு மூன்று வினாடிகளுக்குள் துறந்துவிடுதல். முன்னதை வீரத்தின்பாலும் பின்னதை விதியின்பாலும் சேர்த்து இரண்டையும் வெவ்வேறாகக் கருதுவது பொது வழக்கு. இரண்டும் ஒரே வினையின் முதலும் முடிவுமே என்பதும், நெரிசலில் முறுக்கலுக்குப் பிடித்தலைத் தவிர வேறு பயன் இல்லை என்பதும் இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள்கள். பந்தயத் திடலும், நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் நிகழும் வீலிங்கும் இவ்வாய்வில் இடம்பெறா. பின்னது ஏற்கெனவே காவல்துறையின் ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறது.

2. முறுக்கல் இயல்

முறுக்கலுக்குரிய இடம் நிறுத்தக் கோடும், அதைத் தாண்டிப் பாதசாரிகளுக்கென வரையப்பட்ட பட்டைகளும் ஆகும். உரிய காலம், சிக்னல் கடிகாரத்தில் எண் 3 ஆகக் குறைந்த நொடி முதல் பச்சை எரிவதற்குச் சற்று முன்வரை. பச்சை எரிந்த பின்னரே புறப்படுபவர் பயிற்சி நிலையில் உள்ளவராகவே கொள்ளப்படுவார். பின்னாலிருந்து எழும் ஹார்ன் ஒலிகள் அவருக்கு வேண்டிய திருத்தத்தை உடனே வழங்கிவிடுகின்றன.

இனி முறுக்கலின் பயனைக் கணக்கிடலாம். இரண்டு சிக்னல்களுக்கு இடைப்பட்ட தூரம் 400 மீட்டர் என்றும், புறப்படுவதற்கும் நிற்பதற்கும் ஆகும் நேரத்தைத் தள்ளி வண்டிகள் சீரான வேகத்தில் ஓடுகின்றன என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அத்தூரத்தை 24 வினாடிகளிலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 36 வினாடிகளிலும் கடப்பர். முறுக்கியவருக்குக் கிடைத்த ஆதாயம் 12 வினாடிகள். அடுத்த சிக்னலில் சிவப்பு எரிந்துகொண்டிருக்குமானால், அந்த 12 வினாடிகளையும் அவர் அச்சிவப்பு விளக்கைக் கூடுதலாகப் பார்ப்பதற்கே செலவிட வேண்டியிருக்கும். சிவப்பு எரியாத நேரங்களும் உண்டே எனின், அந்நேரங்களில் குறுக்கே மாநகரப் பேருந்து நிற்கும் என்பதை நகரத்தை அறிந்தோர் மறுக்கமாட்டார்.

3. பிடித்தல் இயல்

பிடித்தலுக்கான காரணங்கள் உயர்திணை, அஃறிணை, விரவுத்திணை என மூவகைப்படும். சாலையோரத்தில் ஒருவர் கையை நீட்ட, அதைக் கண்ட ஷேர் ஆட்டோ மூன்றாவது வரிசையிலிருந்து இடப்புறம் பாய்ந்து நிற்பது உயர்திணைக் காரணம். பாதி கடந்த பின் மனம் மாறும் நாய், எந்நிலையிலும் மனம் மாறாத மாடு, வெள்ளைப் பூச்சு அழிந்த வேகத்தடை, சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்ட மேன்ஹோல் மூடி ஆகியவை அஃறிணைக் காரணங்கள். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செல்பேசியைச் செருகிக்கொண்டு, உடலால் இச்சாலையிலும் உள்ளத்தால் வேறிடத்திலும் செல்பவர் இரண்டு திணைக்கும் பொதுவானவராதலால் விரவுத்திணையில் அடங்குவார்.

சட்டமும் இப்பொருள் குறித்து மௌனம் சாதிக்கவில்லை. பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலன்றி எவரும் திடீரென பிரேக் பிடிக்கலாகாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகள் உரைத்தன. யாருடைய பாதுகாப்பு என்பதில்தான் உரை வேறுபாடு தோன்றுகிறது. ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களின் உரைமரபு அன்றைய வசூலின் பாதுகாப்பையும் அதனுள் அடக்குகிறது. இவ்வேறுபாடு முற்றும்போது எழுப்பப்படும் “வூட்ல சொல்லிகினு வந்தியா?” என்னும் வினா, விடையை எதிர்பாராத வினாவகையைச் சேர்ந்தது, அதற்கு விடையளிக்க முற்படுவோரால் போக்குவரத்து மேலும் தடைப்படும்.

நிற்பதற்காகும் தூரம் இரு கூறுகளை உடையது: ஆபத்தைக் கண்டதற்கும் கை பிரேக்கை இறுக்குவதற்கும் இடையே வண்டி ஓடிவிடும் தூரம் ஒன்று, இறுக்கிய பின் ஓடும் தூரம் மற்றொன்று. முதற்கூறுக்கு ஒரு வினாடி எனக் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் அந்த ஒரு வினாடியிலேயே 16 மீட்டருக்கு மேல், அதாவது ஒரு மாநகரப் பேருந்தின் நீளத்தைவிட மிகுதியாக, எதுவும் செய்யாமலே கடந்துவிடுவார். உலர்ந்த சாலையில் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறையும்படி இரண்டு பிரேக்குகளையும் நன்கு பிடித்தால், 60இல் செல்பவர் நிற்க மொத்தம் 36 மீட்டருக்கு மேல் தேவைப்படும்; 40இல் செல்பவருக்கோ 20 மீட்டர் போதும். இக்கணக்கில் வாசகர் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு: இருவரும் ஒரே இடத்தில் ஒரே மாட்டைக் கண்டால், 40இல் வந்தவர் முற்றிலும் நின்றுவிட்ட புள்ளியை 60இல் வந்தவர் அடையும்போது, அவருடைய வண்டி இன்னும் ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். வேகத்தில் இருந்த வேறுபாடு 20; மாட்டின் முன் அது 55.

4. முன் பிரேக், பின் பிரேக்: இரு கொள்கைகள்

எந்த பிரேக்கைப் பிடிப்பது என்பதில் தமிழகம் நெடுங்காலமாகப் பிளவுபட்டுள்ளது. முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழ நேரும் என்பது பின்பிடிக் கொள்கை. இது நூல் வழியாக அன்றி, தாய்மாமன், மெக்கானிக் ஆகியோர் வழியாகச் செவிவழி பரவியது. இக்கொள்கையர் வண்டிகளில் முன் பிரேக் நெம்புகோல் வாங்கியபோது இருந்த பளபளப்புடனேயே விளங்கும்.

இயற்பியல் இவர்களுக்கு ஆதரவளிக்கவில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடையும் ஓட்டுநரின் எடையும் முன்சக்கரத்தின்மேல் சாய்கின்றன. இது எடைமாற்றம் எனப்படும். அழுத்தம் கூடிய சக்கரமே சாலையை இறுகப் பற்றும் ஆதலால், வலுவாகப் பிடிக்கையில் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்கே செய்கிறது. அதே வேளையில் எடையிழந்த பின்சக்கரம் எளிதில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் வழுக்குகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு நிற்க ஏறத்தாழ இரு மடங்கு தூரம் வேண்டும். எனினும் மாமனின் கூற்று முற்றும் பொய்யன்று. முன் நெம்புகோலை ஒரேயடியாக இறுக்கினாலோ, மணல் கிடக்கும் வளைவில் வண்டி சாய்ந்திருக்கையில் இறுக்கினாலோ அவர் சொன்னது நிகழும். முதலில் மெல்ல அழுத்தி, எடை முன்னே வந்து சேர்ந்த பின் அழுத்தத்தைக் கூட்டுவதே முறை.

இப்பூசலை அரசு வேறு வழியில் தீர்த்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளப்போவதை உணர்ந்து, ஒரு வினாடிக்குள் பலமுறை பிரேக்கைத் தளர்த்தியும் இறுக்கியும் வழுக்கலைத் தடுக்கும் ஏபிஎஸ் என்னும் அமைப்பு 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும், ஒரு பிரேக்கை இயக்கினால் இரு சக்கரங்களும் பிடிபடும் சிபிஎஸ் என்னும் அமைப்பேனும் அதற்கு உட்பட்ட வண்டிகளுக்கும், புதிய மாடல்களில் 2018 ஏப்ரல் முதலும் ஏனையவற்றில் 2019 ஏப்ரல் முதலும் கட்டாயமாயின. இதனால் பின்பிடிக் கொள்கையர் பலர் தம்மையறியாமலே முன்பிடிக் கொள்கைக்கு மாற்றப்பட்டனர். திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. அதில் பழகியவர் வேறு வண்டியில் ஏறி அவசரத்தில் பிரேக்கை நாடி மிதிப்பது கியரையே என்பதால், அவர் மூன்றாம் கொள்கையராகத் தனித்து ஆராயப்பட வேண்டியவர்.

5. பின்னிருக்கை இயல்

பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும், ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும் இருக்க வேண்டும் என 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கூறுகிறது. அவர் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதை விதி கூறாது விடுத்தது. இவ்விடத்தில், அடைக்கலம் குறித்து வைணவத்தின் வடகலையாரும் தென்கலையாரும் நிகழ்த்திய வாதம் பயன்படும். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வது மார்ஜார நியாயம். பின்கம்பியையோ ஓட்டுநரின் தோளையோ இறுகப் பற்றியவர் முன்னதையும், இரு கைகளாலும் செல்பேசியில் தட்டச்சு செய்துகொண்டு வருபவர் பின்னதையும் சார்ந்தவர். முறுக்கும்போது, ஓட்டுநருக்குத் தம்மைக் கவ்விச் செல்லும் வாய்ப்பு இல்லை என்பதைப் பின்னவர் சாலையில் அமர்ந்தபடி உணர நேரும். பிடிக்கும்போதோ இரு சாராரும் ஓட்டுநரின் முதுகில் ஒன்றுபடுகின்றனர். இரண்டு ஹெல்மெட்டுகள் மோதும் ஒலி அந்த ஒற்றுமைக்குச் சான்று.

6. தடையும் விடையும்

முந்திச் செல்வதால் கிடைக்கும் மகிழ்ச்சியும் ஒரு பயன் அன்றோ எனத் தடை எழுப்பப்படலாம். அம்மகிழ்ச்சியின் விலையை அறிந்தபின் அதை ஏற்பதில் தடையில்லை. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 220 கிலோ எடை எனில், 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர்களிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 30,500 ஜூல். பிடித்தலின்போது இது பெரும்பாலும் வெப்பமாக மாறி, டிஸ்க்குகளின் வழியே காற்றில் கலக்கிறது. 27 பாகை வெப்பநிலையிலுள்ள 100 மில்லிலிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதுமானது. எனவே முறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொருவரும், பெட்ரோல் விலையில், ஒரு கிளாஸ் டீக்குரிய வெந்நீரைச் சாலைக்கு வழங்கிச் செல்கின்றனர். 40இல் செல்பவர் வழங்குவது அதில் பாதிக்கும் குறைவு.

7. முடிபு

இதுவரை கண்டவற்றால், முறுக்கல் ஈட்டுவதைப் பிடித்தல் செலவழிக்கிறது என்பதும், இரண்டுக்கும் பின் கையிருப்பில் எஞ்சுவது ஏதுமில்லை என்பதும் பெறப்பட்டன. இனி இத்துறையில் புகுவோருக்கு ஒரு களப்பணிக் குறிப்பு: சிவப்பு விளக்கின்கீழ் அருகருகே நிற்கும் இரு வண்டிகளுள் எது முந்தி வந்தது என்பதை நிற்கும் இடத்தாலோ, புறப்படப்போகும் நேரத்தாலோ, ஓட்டுநரின் முகத்தாலோ கண்டறிய இயலாது. டிஸ்க்கின் வெப்பம் ஒன்றே எஞ்சியுள்ள ஆதாரம். ஆய்வாளர்கள் அதைக் கையால் தொட்டுச் சரிபார்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.