பீரோவில் இருக்கிறது பிளவுஸ் பிட்

கல்யாண மேடையில் பரிசுப் பொருட்களை வாங்கி அடுக்கும் வேலை எனக்கு அடிக்கடி வாய்க்கும். பந்தி விசாரிக்கவும் மொய் எழுதவும் லாயக்கில்லாத உறவினர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இலாகா அது. மாப்பிள்ளை வாங்கி, வீடியோவைப் பார்த்துச் சிரித்து, பெண்ணிடம் தருவார். பெண் தோழியிடம் தள்ளுவாள். தோழி என் மடியில் போடுவாள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஜிகினாப் பேப்பர் எதையும் மறைப்பதில்லை. தட்டையாக, வட்டமாக இருந்தால் சுவர்க் கடிகாரம். தூக்கும்போது 'கிளிங்' என்றால் டின்னர் செட். பார்க்கப் பெரிதாக, தூக்க லேசாக இருந்தால் ஹாட் பாக்ஸ். பேப்பருக்குள் இருப்பது கொடுப்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியும், அடுக்குகிற எனக்கும் தெரியும். பிறகு யாருக்காக இந்த முக்காடு?

மண்டபத்துக்கு வரும் வழியில் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் வண்டியை நிறுத்தி, "சீக்கிரம் பேக் பண்ணுங்கண்ணே, முகூர்த்தம் முடிஞ்சிரும்" என்று அவசரப்படுத்தி வாங்கிய பேப்பர். மறுநாள் காலை புதுப்பெண் வீட்டுக் கூடத்தில் அதன் ஆயுசு முடிகிறது. பரிசு பிரிக்கும் நேரத்தில் மனித குலம் இரண்டு கட்சியாகிவிடும். கிழிப்பவர்கள் ஒரு கட்சி, பிரிப்பவர்கள் இன்னொரு கட்சி. என் அம்மா பிரிப்பவர்கள் கட்சியின் நிரந்தரத் தலைவி. செலோ டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உரித்து, பேப்பரை நீவி, நாலாக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவாள். அங்கே அதற்குத் தானாகவே இஸ்திரி ஆகிவிடும். டின்னர் செட் சுற்றி வந்த பேப்பர் ஓரம் வெட்டப்பட்டு அடுத்த வருஷம் போட்டோ பிரேமைச் சுற்றிப் போகும். அது திரும்பி வந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டிப் பேனா டப்பாவைச் சுற்றும். எங்கள் வீட்டுப் பரிசுகளின் மதிப்பு வருஷா வருஷம் குறைந்ததற்கு எங்கள் கஞ்சத்தனம் காரணமில்லை, பேப்பர் சுருங்கியதுதான் காரணம்.

மெத்தை மேடானதும் ஒருநாள் அந்தச் சேமிப்பைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம். அவர் ஒரு தாளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பந்தாக்கித் தரையில் போட்டார். பந்து 'கரகர'வென்று முனகியபடி மெல்ல விரிந்து, பழையபடி படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா சார்? பேப்பருன்னா கசக்கினா கசங்கினபடியே கெடக்கும். எந்திரிச்சு வந்துச்சுன்னா அது பிளாஸ்டிக்கு. நான் எடுத்துக்க மாட்டேன்."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மேல்நாட்டு மறுசுழற்சிக்காரர்கள் பொதுமக்களுக்குச் சொல்லித் தரும் சோதனையும் இதே கசக்கல்தான். நமக்குத் தராசு பிடித்தவரே விஞ்ஞானி. விஷயம் இதுதான்: பளபளக்கும் பல 'பேப்பர்'கள் பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தவை. சிலவற்றில் தாள், பிளாஸ்டிக், பசை எல்லாம் ஒட்டிக்கிடக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. மேலே தூவிய மினுக்குப் பொடியும் பிளாஸ்டிக்தான். எரித்தால் கண் எரியும். புதைத்தால் பேரப்பிள்ளைகள் தோண்டி எடுத்து, "தாத்தா, இதில் இன்னும் பளபளப்பு இருக்கு" என்பார்கள்.

பூப்போட்ட பேப்பரில் பரிசு சுற்றும் இன்றைய வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடினால் ஒரு கடைக்காரரின் சமாளிப்பு வந்து நிற்கிறது. 1917-இல், அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹால் சகோதரர்கள் ஒரு கடை வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் பரிசு சுற்றும் மெல்லிய டிஷ்யூ தாள் தீர்ந்துபோனது. கடித உறைகளின் உட்புறம் ஒட்டுவதற்காக பிரான்சிலிருந்து வந்திருந்த பூப்போட்ட தாளை எடுத்து, ஒன்று 10 சென்ட் என்று மேசையில் வைத்தார்கள். அதுவும் மளமளவென்று தீர்ந்தது. அந்தக் கடைதான் பிற்பாடு ஹால்மார்க் என்னும் பெரிய நிறுவனம். 1930-இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கியது என் அம்மாவின் நகங்களுக்குக் கேடுகாலம்.

சரி, மாற்று என்ன? எல்லோரும் முதலில் சொல்வது செய்தித்தாள். என் பெரியப்பா இதில் தீவிரவாதி. காசு கொடுத்துப் பேப்பர் வாங்கிச் சுற்றுகிறவனைக் கண்டால் பேசமாட்டார். ஒரு நண்பரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வெள்ளிக் குங்குமச் சிமிழை நாளிதழில் நேர்த்தியாகச் சுற்றி, சணல் கட்டி, மேலே ஒரு மல்லிகைச் சரமும் செருகிக் கொண்டுபோனார். மேடையில் நீட்டிய பிறகுதான் வெளிப்பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பெரியம்மா பார்த்தாள். மாலை போட்ட படத்தோடு அரைப்பக்கக் கண்ணீர் அஞ்சலி. கீழே 'மீளாத் துயரில் வாடும்' என்று ஒரு பெரிய குடும்பமே கையெழுத்திட்டிருந்தது. ஆகவே நாளிதழ் நல்ல மாற்றுதான், ஆனால் பக்கத்தைப் படித்துவிட்டுச் சுற்றவும். குழந்தைகளுக்கு சிறுவர் இணைப்பில் சுற்றிக் கொடுக்கலாம். குழந்தைக்குப் பரிசில் பாதி, கிழிக்கும் சுகம். அதைப் பிடுங்குவது பாவம். கிழித்த தாளையும் பழைய பேப்பர்காரர் வாங்கிக்கொள்வார்.

அடுத்தது பை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மறு வருஷம் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வருகிறவரைக் கேலி செய்து சிரித்த சினிமாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே பையை இயந்திரம் துப்ப, மக்கள் வரிசையில் நின்று வாங்கியதைப் பார்க்க ஒரு திருப்தி.

தாம்பூலப் பைகளைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. துணி மாதிரியே இருக்கும், தொட்டால் சொரசொரக்கும், நாலு தடவை வெயிலில் காய்ந்தால் மாவாக உதிரும் பைகள் துணியே அல்ல. அந்த 'நான் ஓவன்' பைகள் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். மேற்படி 14-இல் அவையும் உண்டு. அசல் பருத்திப் பையாகவே கொடுத்தாலும், அதன் இரண்டு பக்கமும் மணமக்களின் பெயரை இதயத்துக்குள் அச்சடித்துவிடுகிறார்கள். அந்த இதயத்தைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி ரேஷன் கடை வரிசையில் நிற்பது? இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கணக்குப் போட்டுச் சொன்னது: புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒரு தடவை உபயோகித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பையை ஒரு பருத்திப் பை முந்த, அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவிக்க அவ்வளவு செலவு. என் சித்தப்பாவின் ஜவுளிக்கடைப் பை அந்த எண்ணிக்கையை எப்போதோ தாண்டி, காது இரண்டு முறை மாற்றித் தைக்கப்பட்டு இன்னும் உழைக்கிறது. பீரோ மேல் கட்டுக்கட்டாகக் கிடக்கும் இதயப் பைகளோ இன்னும் முதல் தடவைக்கே காத்திருக்கின்றன. திரும்பப் பயன்படுத்தக்கூடியது என்பதும் திரும்பப் பயன்படுகிறது என்பதும் வேறு வேறு. புதுப்பை அச்சடிக்கக் கொடுக்கும் முன் பெண்வீட்டார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஓலைப் பெட்டி இந்தக் குற்றச்சாட்டுக்கு அப்பாற்பட்டது. தென்மாவட்டங்களில் கருப்பட்டி ஓலைப் பெட்டியில்தான் பயணம் செய்யும். செட்டிநாட்டு விசேஷங்களில் வண்ணச் சாயமிட்ட ஓலைக் கொட்டான்களுக்குத் தனி மரியாதை. நடுவில் நலிந்த அந்தக் கைவேலையை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாசார அறக்கட்டளை முயன்று மீட்டது. இப்போது அந்தப் பகுதிப் பெண்கள் மறுபடி முடைகிறார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. ஓலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பொருளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. "அந்தப் பெட்டி எங்க வாங்கினீங்க?" என்றுதான் போன் வரும்.

ஜப்பானியர்கள் சதுரத் துணியில் பரிசைக் கட்டும் ஃபுரோஷிகியை எல்லோரும் புகழ்வார்கள். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் அப்படி ஒரு துணி செய்து பிரசாரமே நடத்தினார். அவர்கள் மரபில் பரிசைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கட்டிவந்த துணியைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்களாம். எனக்கு இது பிடித்திருந்தது. வீட்டில் உற்சாகமாக விளக்கினேன்.

"ஏங்க, இதுக்கு எதுக்கு ஜப்பான்? நம்ம இஸ்திரிக்காரர் பெட்ஷீட்டுல நாலு மூலையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுவர்றாரே, அது என்ன?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டு முழுக்கப் பிளவுஸ் பிட்.

தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆண்களுக்காகச் சொல்கிறேன். நவராத்திரி கொலு, வளைகாப்பு, வரலட்சுமி விரதம் என்று எந்த வீட்டுக்குப் போனாலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் தைத்துப் போட்டுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. எந்தப் புடவைக்கும் பொருந்தாத ஓர் அபூர்வ நிறத்தில்தான் அது இருக்கும். அடுத்த கொலுவில் அது இன்னொரு வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வேறொரு வீடு. சுற்றி வந்து கொடுத்தவர் கைக்கே திரும்பிய பிட்டுகளும் உண்டு. பொருளாதார நிபுணர்கள் மேடை போட்டுப் பேசும் சுழற்சிப் பொருளாதாரத்தை நம் பெண்கள் பீரோவின் கீழ்த்தட்டிலிருந்தே நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நீளம் 80 சென்டிமீட்டரோ 1 மீட்டரோ இருக்கும். அகலமும் ஏறக்குறைய அதுவே. கிட்டத்தட்டச் சதுரம், ஃபுரோஷிகிக்கு அளவெடுத்ததுபோல. மனைவி ஒரு மாம்பழ மஞ்சள் பிட்டை உதறி, கட்டில்மேல் மூலை தன்னைப் பார்க்க விரித்தாள். நடுவில் புத்தகம் இரண்டை வைத்தாள். தன் பக்கத்து மூலையை மேலே போர்த்தி நுனியை அடியில் செருகினாள். எதிர் மூலையை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். மிச்சமிருந்த இரண்டு மூலைகளையும் தூக்கி நடுவில் இரட்டை முடிச்சு. முடிச்சின் காதுகளை இழுத்துவிட்டதும் ஒரு பூ மலர்ந்தது. கத்தரிக்கோல் இல்லை, டேப் இல்லை, ஃபேன்சி ஸ்டோர் அண்ணன் இல்லை. டூ பை டூ ரூபியா போன்ற பருத்தி ரகமென்றால் முடிச்சு நின்று பிடிக்கும், வழவழப்பான பாலியெஸ்டர் என்றால் மேடையிலேயே அவிழ்ந்து மானத்தை வாங்கும் என்பது அவள் சேர்த்த பின்குறிப்பு. கறுப்பு பிட்டை விசேஷத்துக்கு எடுக்காதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கியவர்களுக்கும் இதில் சங்கடமில்லை. பரிசை எடுத்துக்கொண்டு துணியை அடுத்த கொலுவுக்கு வைத்துக்கொள்ளலாம். கொடுத்தவரே திரும்பக் கேட்டாலும் தப்பில்லை, ஜப்பானில் கையோடு கொண்டுபோய்விடுவார்களே.

ஆகவே வாசகர்களே, அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது வண்டியை ஃபேன்சி ஸ்டோர் பக்கம் திருப்பாதீர்கள். பீரோவின் கீழ்த்தட்டைத் திறங்கள். உங்கள் வீட்டில் கையிருப்பு இல்லையென்றால் தயங்காமல் எங்கள் வீட்டுக்கு வரலாம். வெற்றிலை பாக்கோடு தருகிறோம்.