பெரியப்பா கேட்ட லைன் கிளியர்

எதையும் 87ஆல் வகுத்துவிட்டால் வீட்டுக்குள் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள்தான் மாடல் ரயில் கட்டக் கிளம்புகிறார்கள். உலகில் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவில் நிஜம் 87 என்றால் பொம்மை 1. வீடு அடங்கும், வேப்பமரம் அடங்கும், ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு சென்டிமீட்டரில் அடங்கிவிடுவார். ரயில் மட்டும் அடங்காது.

நம் ஐ.சி.எஃப். பெட்டி பஃபருக்குப் பஃபர் 22 மீட்டர் சொச்சம். வகுத்தால் கால் மீட்டருக்குச் சற்று மேலே. 24 பெட்டி கோத்தால் ஆறு மீட்டரைத் தாண்டும். என் அறையோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூலைக்கு மூலை நிறுத்தினாலும் கடைசி ஐந்து பெட்டி ஹாலில் நிற்கும்.

“ஹால்ல நிக்கிறது அன்ரிசர்வ்டா?” என்றாள் மனைவி.

பாம்பன் பாலம் கட்டலாமே என்றான் மகன். இரண்டு கிலோமீட்டரைத் தாண்டும் பாலத்தை வகுத்தால் 23 மீட்டருக்கு மேல் வருகிறது. மண்டபம் எங்கள் சமையலறையில் இருந்தால் பாம்பன் ஸ்டேஷன் எதிர்வீட்டு வராந்தாவில் இருக்கும். எதிர்வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாததால் திட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் மாடல் ரயில் லேஅவுட் திட்டமிடுவதற்கு இலக்கணம் எழுதியவர் ஜான் ஆம்ஸ்ட்ராங். தண்டவாளம் வாங்குமுன் இரண்டு பட்டியல் போடச் சொன்னார் அவர். ஒன்றில் மாற்ற முடியாதவை, மற்றதில் ஆசைகள். முதல் பட்டியலை மனைவியே எழுதித் தந்தாள். பீரோ நகராது. ஜன்னல் திறக்க வேண்டும். மேஜைக்கு அடியில் கொலு பொம்மைப் பெட்டிகள் இருக்கும்; நவராத்திரிக்கு முன்பு ரயில்வே நிர்வாகமே அவற்றை வெளியே எடுத்துத் தர வேண்டும். இரண்டாவது பட்டியலில் நான் மலை, சுரங்கம், மேம்பாலம் என்று எழுதிக்கொண்டே போனேன். பாடகர் ராட் ஸ்டூவர்ட் தன் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் 1940களின் அமெரிக்க நகரம் ஒன்றையே ரயிலோடு கட்டினார், இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து. அவர் வீட்டில் கொலு வைப்பதில்லை.

எட்டுக்கு நாலு ப்ளைவுட் வந்து இறங்கியது.

“கட்டிலா சார்?” என்றார் ஆசாரி.

“இல்லைங்க, ரயிலுக்கு.”

“அப்ப பெர்த்து” என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டு, இரண்டு பேர் படுக்கிற பலத்தில் கால் அடித்துக் கொடுத்தார்.

நாலடி அகலத்துக்குக் காரணம் உண்டு. எச்.ஓ.வில் சாதாரணமாகக் கிடைக்கும் வளைவுக்கு ஆரம் 18 அங்குலம். வண்டி திரும்பிவர மூன்றடி. ஓரத்துக்கு இடம் விட்டால் நாலு. ஆனால் மனிதக் கை இரண்டரை அடிக்கு மேல் சௌகரியமாக எட்டாது. இந்த விவரம் ரயிலுக்குத் தெரியும். மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் சுவரோரத்தில்தான் தடம் புரளும். அதனால் அறையின் நடுவில் மேஜையைப் போட்டு, சுற்றிலும் ஒருக்களித்து நடக்க வழி விட்டோம். தொப்பையோடு வரும் விருந்தாளிகள் வாசலிலிருந்தே தரிசிக்கலாம்.

அடுத்தது மலை. ஒரு பாதை இன்னொன்றின் மேலே தாண்டிப்போக மூன்றங்குல உயரமாவது வேண்டும். நூற்றுக்கு இரண்டு ஏற்றத்தில் அதற்குப் பன்னிரண்டரை அடி ஓட வேண்டும். ஏறின வண்டி இறங்கவும் வேண்டும். “ஊட்டி ரயில் பன்னிரண்டுக்கு ஒண்ணு ஏறுதே?” என்றான் மகன். அது நடுவே பல்சட்டம் பதித்து, பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது என்று விளக்கினேன். மலை ஆசைப் பட்டியலோடு நின்றது.

ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, ஜல்லியை ஒட்டினோம். குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் அசல் கரிசல் மண். வண்டி ஓடியது. சுற்றிச் சுற்றி ஓடியது.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“எங்கேருந்து கிளம்புது?”

“இங்கேருந்து, பெரியப்பா.”

“எங்க போகுது?”

“இங்கேயேதான்.”

“இதுக்கு எவன்டா டிக்கெட் எடுப்பான்?”

தண்டவாள இடைவெளி எவ்வளவு என்று கேட்டார். பதினாறரை மில்லிமீட்டர் என்றேன். மனசுக்குள்ளேயே 87ஆல் பெருக்கினார். “1435. இது ஸ்டாண்டர்டு கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676 ஆச்சே. இதுல நீ சென்னை மெட்ரோதான் விடலாம்.” கடையில் இதுதான் கிடைக்கிறது என்று மன்றாடினேன். “சரி, கண்ணாடி போடாம பாத்துக்கறேன்” என்று மன்னித்தார்.

பிறகு தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு போட்டார். “ஒரு வண்டி ஒதுங்கி நிக்க லூப் லைன் போடு. ரெண்டாவது வண்டி வாங்கு. ஒத்தை லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி இருந்தாத்தான் ரயில்வே. இல்லேன்னா ராட்டினம்.” நிற்கிற வண்டிக்கு மின்சாரத்தைத் துண்டிக்க லூப்புக்குத் தனி சுவிட்ச் வைத்தோம். இரு முனையிலும் ஃபவுலிங் மார்க் குறித்தார். அதைத் தாண்டி நிற்கும் வண்டியை அடுத்த வண்டி உரசும். மார்க்குக்கு மார்க் அளந்தால், எஞ்சினுக்கும் மூன்று பெட்டிக்கும்தான் இடம். “வண்டி நீளத்தை எஞ்சின் முடிவு பண்றதில்ல, லூப் லைன்தான் பண்ணுது” என்றார். 24 பெட்டி எக்ஸ்பிரஸ் அப்படித்தான் மூன்றானது.

அத்தோடு விடவில்லை. ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அவர் காலத்து நீல்ஸ் கருவியில் ஓர் இரும்புப் பந்தை எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இன்னொன்று வராது. எங்களுக்கு மகனின் கோலிக்குண்டு டோக்கன் ஆனது. பாதை காலி, வண்டியை விடலாம் என்று லைன் கிளியர் கொடுக்க அடுத்த ஸ்டேஷன் வேண்டுமே? ஹாலில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த என் மனைவியை ஸ்டேஷன் மாஸ்டராக நியமித்தார்.

“லைன் கிளியர்?” என்று இங்கிருந்து குரல் கொடுப்போம். “பத்தாம் வகுப்பு பி பிரிவு முடியட்டும்” என்று பதில் வரும். இரண்டு வண்டியும் நிற்கும். அதிகாரம் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

இப்போது யார் வந்தாலும் வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. தண்டவாளம் வெளிநாட்டு அளவு, பெட்டி மூன்றுதான், மலையும் இல்லை, பாம்பனும் இல்லை. வந்தவர்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “ஏன் நிக்குது?” என்று கேட்கிறார்கள்.

“கிராசிங்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“சொல்ல முடியாது.”

அச்சு அசல் நம்ம ரயில் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.