மூன்று திரை விமானி

வீட்டு விமானப் பாவனைக்கு ஒரு திரை போதும் என்பவர் இன்னும் பயணிதான். விமானியாக மூன்று வேண்டும். 27 அங்குலத் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. கண்ணிலிருந்து 70 செ.மீ. தள்ளி வைத்தால் 46 பாகைக் காட்சி. பக்கத் திரைகளையும் அதே 46 பாகை உள்நோக்கித் திருப்பினால் 138 பாகை வானம் வாய்க்கும்.

மூன்றையும் 5760×1080 என்று ஒரே திரையாகக் கணினியிடம் சொன்னால் ஓரத்து மலைகள் ரப்பராய் இழுபடும். எக்ஸ்-பிளேன் என்ற பாவனை மென்பொருளில் ஒவ்வொரு திரைக்கும் தனிக்கோணம் கொடுத்து அதைச் சரிசெய்யலாம். 62 லட்சம் புள்ளிகளை வரையும் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் மூச்சைத்தான் சரிசெய்ய முடியாது. ஓடுபாதை திரைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்தால், நிஜ விமானத்திலும் ஜன்னல் தூண் உண்டே என்று சமாதானம் சொல்லப்படும். நான்காவது திரை கருவிப் பலகைக்கு. விசைப்பலகைக்கு மேசையில் இடமிராது, அது மடியில்.