ரிச்சர்ட்சன் உள்ளிட்டோர்

விளையாட்டுப் பக்கத்தில் காலம் தள்ளிக்கொண்டு எனக்கு ரிலே பார்க்கத் தெரியாது என்று சொல்வது, கல்யாணச் சமையல்காரர் உப்புப் போடத் தெரியாது என்பது மாதிரிதான். ஆனால் அதுதான் நிஜம். துப்பாக்கி வெடித்ததும் முன்னால் ஓடுகிற பையன் மேல் என் கண் ஒட்டிக்கொள்ளும். கடைசி வளைவு வந்தால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். நடுவே அந்த பேட்டன் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எப்போது போனது என்று கேட்டால் முழிப்பேன். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான வெற்றுக் குழாய் அது. நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. அவ்வளவு சின்னதை எங்கே தேடுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

2021 ஆகஸ்டில் நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டி நடந்தது. கரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன போட்டி. அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா எதுவும் வரவில்லை. ‘அமெரிக்கா இல்லை, ஆகவே ஆண்கள் 4x100 ஜமைக்காவுக்கு’ என்று முன்னோட்டக் கட்டுரையில் எழுதினேன். எழுதும்போது ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை.

கடைசி நாளான ஆகஸ்ட் 22 அன்று ஷைலி சிங் நீளம் தாண்டுதலில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். ஸ்வீடனின் மாயா அஸ்காக் 6.60. ஒரே ஒரு சென்டிமீட்டர்! அந்த ஒரு சென்டிமீட்டரிலேயே அன்று ராத்திரி முழுக்க விழுந்து கிடந்தேன். தலைப்பில் வைத்தேன், பெட்டிச் செய்தியாகப் போட்டேன், பட விளக்கத்திலும் இன்னொரு முறை சொன்னேன். பக்கம் முடிகிற நேரத்தில்தான் ஏஜென்சி செய்தியில் ஆண்கள் ரிலே கண்ணில் பட்டது. தென்னாப்பிரிக்கா தங்கம், 38.51 விநாடி, 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாதனை. 2004-ல் இத்தாலியின் குரோசெட்டோவில் அமெரிக்கப் பையன்கள் ஓடிய 38.66 எவ்வளவோ காலம் அசையாமல் நின்ற பட்டியல் அது. நான் ஒதுக்கிய இடம் இரண்டு வரி.

நாலு பேரின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். பெஞ்சமின் ரிச்சர்ட்சன் பிரச்சினையில்லை, 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், ஏற்கனவே எழுதிய பெயர். மற்ற மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது. உடனே நம் தொழிலின் சர்வரோக நிவாரணியை எடுத்தேன்: ‘ரிச்சர்ட்சன் உள்ளிட்டோர் அடங்கிய தென்னாப்பிரிக்க அணி’. அந்த ‘உள்ளிட்டோரில்’ ஒருவர் 200 மீட்டரில் வெண்கலம் வென்ற சினெசிபோ டம்பிலே என்பது மறுநாள்தான் உறைத்தது. அந்த வெண்கலத்தையும் என் பக்கத்தில் நானேதான் போட்டிருந்தேன்.

ஜமைக்கா கணிப்பு காலை வாரியதற்கு ஒரு விஞ்ஞான விளக்கம் தயார் செய்தேன். நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு, வேக ஓட்டக்காரர்களுக்கு எதிர்ப்பு குறைவு. அத்தனையும் சரியான தகவல்தான். எங்கள் மூத்த உதவி ஆசிரியர் கேட்டுவிட்டு, “ஏம்ப்பா, ஜமைக்காக்காரன் மட்டும் வேற காத்துலயா ஓடினான்?” என்றார்.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் போட்ஸ்வானாவின் லெட்சிலே டெபோகோவுக்கு, 10.19 விநாடி. 200 மீட்டர் தங்கம் நைஜீரியாவின் உடோடி ஒன்வுசுரிகேவுக்கு. இரண்டிலும் தென்னாப்பிரிக்கா முதலிடம் இல்லை. டெபோகோ மாதிரி நாலு பேரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் நின்ற இடத்திலிருந்து 10.19-ல் ஓடவிட்டாலும் 40.76 ஆகும். இந்த நாலு பேர் அதைவிட இரண்டேகால் விநாடி முன்னால் போய்விட்டார்கள். முதல் பையன் மட்டும்தான் பிளாக்கிலிருந்து கிளம்புகிறான், மற்ற மூவரும் பேட்டன் கைக்கு வரும்போது பறந்துகொண்டிருக்கிறார்கள். கொடுப்பவன் கையை முன்னே நீட்ட, வாங்குபவன் கையைப் பின்னே நீட்ட, ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு மீட்டர் போல ஓடாமலே கிடைக்கிறது. இது என் தொழிலுக்கு அரிச்சுவடி. நான் படித்தது தலை நரைத்த பிறகு.

இந்த ஞானத்தைச் சும்மா வைத்திருந்திருக்கலாம். மாவட்டப் பள்ளிகள் போட்டியில் கைமாற்றுப் பகுதிக்கு நடுவர் குறைகிறது என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். இரண்டாவது கைமாற்றில், ஒரு மஞ்சள் கொடியோடு வெயிலில் நிறுத்தினார்கள். தவறு நடந்தால் கொடியைத் தூக்க வேண்டும், அதற்கு மேல் வேலையில்லை.

பையன்கள் வந்து குதிகாலையும் விரலையும் ஒட்ட ஒட்ட வைத்துப் பின்பக்கமாக அளந்தார்கள். அளந்த இடத்தில் டேப் ஒட்டினார்கள். ஓடி வருகிறவன் அந்த டேப்பைத் தொட்டதும் இவன் திரும்பிப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். 2018 முதல் கைமாற்றுப் பகுதி 30 மீட்டர், அதற்குள் வேலை முடிய வேண்டும். ஒரு பையன் கட்டைவிரலை விரித்து, உள்ளங்கையைப் பின்னால் காட்டி, வெறுங்காற்றில் ஏழெட்டு முறை பழகினான். கை நடுங்கியது. ஓட்டம் தொடங்கியது. “ஹேண்ட்!” என்று ஒரு கத்தல். அலுமினியம் உள்ளங்கையில் விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் வலது கால் கோட்டைத் தாண்டி விழுந்ததைப் பார்த்தேன். கொடியைத் தூக்கிவிட்டேன்.

மைதானத்துக்குக் குறுக்கே ஒரு பி.டி. சார் ஓடி வந்தார். அந்த ஓட்டத்துக்கே மெடல் கொடுக்கலாம். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஜெராக்ஸைப் பிரித்தார்.

“சார், நீங்க காலைப் பாத்தீங்க. ரூல்ஸ்ல கால் கிடையாது. கை மாறும்போது ஸ்டிக் எங்க இருந்துச்சு?”

“அது… நான் கவனிக்கலைங்க சார்.”

“அதைக் கவனிக்கத்தான சார் உங்களை இங்க நிறுத்தியிருக்கு?”

விதி அவர் பக்கம்தான். கைமாற்று சரியா தவறா என்பதை பேட்டன் இருக்கும் இடம்தான் முடிவு செய்யும், உடம்பும் காலும் எங்கே இருந்தாலும் கவலையில்லை. தலைமை நடுவர் கொடியை என்னிடமிருந்து நாசூக்காக வாங்கிக்கொண்டார். சாயந்திரம் வரை பையன்கள் முதுகில் எண் அட்டைக்கு ஊக்குக் குத்தும் வேலை கிடைத்தது. அதையும் ஒருவனுக்குத் தலைகீழாகக் குத்தினேன்.

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. பெய்ஜிங் ஒலிம்பிக் முடிந்த ஜோரில் உசைன் போல்ட் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். 2002-ல் கிங்ஸ்டனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், 15 வயதில், பதற்றத்தில் ஷூவை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டவர், பிறகு 200 மீட்டரை 20.61-ல் ஓடித் தங்கம் வென்றார் என்பது வரை சரி. ‘ரிலே இரண்டும் சேர்த்து மூன்று தங்கம்’ என்று கை தானாக எழுதிவிட்டது. சொந்த ஊர், சொந்த ஜனம், போல்ட் வேறு. ஜமைக்கா தோற்றிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு வாசகருக்குத் தோன்றியிருக்கிறது. அஞ்சலட்டையில் நுணுக்கி எழுதியிருந்தார்: ரிலே இரண்டிலும் வெள்ளி, 4x100-ல் ஜமைக்கா 39.15, தங்கம் அமெரிக்காவுக்கு. 2017-ல், அணித்தோழர் நெஸ்டா கார்ட்டரின் ஊக்கமருந்து விவகாரத்தால், போல்ட்டின் பெய்ஜிங் ரிலே தங்கத்தை ஒலிம்பிக் கமிட்டி திரும்ப வாங்கிக்கொண்டது. நான் வரவு வைத்த உபரியில் அதைக் கழித்தாலும் இன்னும் ஒன்று பாக்கி நிற்கிறது.

2022-ல் கொலம்பியாவின் கலி நகரில் அடுத்த போட்டி. நம்மூர் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். இந்த முறை பேட்டனைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்று சபதம். ஜப்பான் பையன்கள் குழாயைக் கொடுத்து வாங்கியதில் ஒரு தடுமாற்றமும் தெரியவில்லை. 100, 200 இரண்டிலும் ஜப்பானுக்கு ஒரு பதக்கமும் கிடையாது. அவர்களுடைய பெரியவர்கள் அணியும் இப்படித்தான். 2016 ரியோவில் வெள்ளி வென்ற நால்வரில் அன்றைக்கு 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியவர் ஒருவர்கூட இல்லை. கீழிருந்து மேலாகக் கொடுக்கும் கைமாற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பழகி 37.60 ஓடினார்கள். இதையெல்லாம் நினைத்து நான் மூன்றாவது கைமாற்றின் அழகிலேயே லயித்துக் கிடந்தபோது ஓட்டம் முடிந்துவிட்டது. ஜப்பானும் ஜமைக்காவும் ஒட்டி உரசி முடித்த அந்தக் கடைசி நொடியை நான் பார்க்கவே இல்லை. 39.35-ல் ஜப்பானுக்குத் தங்கம் என்று வீட்டில் மகன் சொல்லித்தான் தெரியும்.

இடமில்லை என்று நான் வெட்டிய பெயர்கள் இத்தனை வருஷம் கழித்து இங்கே வருகின்றன. உச்சரிப்பு பிசகியிருந்தால் அந்தப் பையன்கள் பொறுத்துக்கொள்ளட்டும். நைரோபியில் 38.51 ஓடியவர்கள்: சினெசிபோ டம்பிலே, லெட்லோகோனோலோ மொலேயானே, மிலாலி சொட்யேனி, பெஞ்சமின் ரிச்சர்ட்சன்.