நான்கு சொல் காதலர்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் காதலர் தின வாழ்த்து அட்டைக்கு வாசகம் எழுதுவோர், திருமண விருந்தில் எழுந்து நின்று வாழ்த்துப்பா படிப்போர், கிட்டார் வாங்கி மூன்று மாதம் ஆனோர் ஆகியோரிடையே மிகுதியாகக் காணப்படும் ஓர் இனத்தாரை 'இயைபு தேடியார்' என்று பெயரிட்டு அழைக்கலாம். இயைபாவது அடிகளின் இறுதி ஒத்து ஒலிப்பது. தமிழ்ச் செய்யுள் எதுகையையும் மோனையையும் அடியின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கால்மாட்டைப் பெரும்பாலும் அதன் போக்கில் விட்டுவிட, ஆங்கிலச் செய்யுளோ பல நூற்றாண்டுகளாக அடியின் வாலைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறது. அந்த வாலில் காதலைக் குறிக்கும் 'லவ்' என்னும் சொல் வந்து அமர்ந்துவிட்டால் தேடியாருக்கு அன்றிரவு உறக்கம் இல்லை.

அழுத்தம் பெறும் உயிரொலியும் அதற்குப் பின் வரும் ஒலிகளும் ஒன்றாயிருக்க, அவ்வுயிருக்கு முன் நிற்கும் மெய் மட்டும் வேறுபட வேண்டும் என்பது முழு இயைபுக்கு ஆங்கில யாப்பு விதிக்கும் நிபந்தனையாகும். ஆகவே தேடியார் மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றி, 'பவ், டவ், ஃபவ், கவ், ஹவ், ஜவ்' என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். ரயிலில் எதிர் இருக்கைக்காரர், இது மனிதக் குரலா நாய்க்குட்டியா என்று ஐயுற்று இடம் மாறி அமர்வது இக்கட்டத்தில்தான். இத்தனை குரைப்புக்கும் பின் கைக்குக் கிடைப்பவை, 'மேலே' எனப் பொருள்படும் 'அபவ்', புறாவாகிய 'டவ்', கையுறையாகிய 'கிளவ்', பிடித்துத் தள்ளுதலாகிய 'ஷவ்' என்னும் நான்கே. லண்டன் பேச்சில் முதலாளியை விளிக்கும் 'கவ்' ஒன்று உண்டெனினும், காதல் கவிதைக்குள் முதலாளியை அழைத்துவர எந்தக் காதலரும் விரும்புவதில்லை. தமிழில் காதலுக்கு மோதல், ஓதல், நோதல், சாதல் என்று தொழிற்பெயர்கள் வரிசை கட்டி நிற்பதையும், அவை காதலின் முழுச் சரித்திரத்தையும் சொல்லிவிடுவதையும் தேடியார் அறிந்தால் பெருமூச்சு விடுவார்.

நான்கு சொற்களே உள்ளமையால் அவருடைய காதலும் அந்த நான்கின் எல்லைக்குள்ளேயே நடந்தாக வேண்டியிருக்கிறது. காதலி எந்த ஊர்க்காரியாயினும் மேலிருந்தே இறங்கி வருகிறாள். இறங்கியதும் புறா பறக்கிறது. ஜூலை மாதத்து வெயிலிலும் அவள் கையுறை அணிந்திருக்கிறாள். புறாவைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் 'டவ்' என்றும் 'பிஜன்' என்றும் வழங்கும் இரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நகரத்துச் சிலைகளின் தலையில் எச்சமிடும் பிஜன், மலைப்பாறைகளில் வாழ்ந்த ஒரு 'டவ்'வின் வழித்தோன்றலேயாகும். ஆயினும் தேடியார் பிஜனைத் தம் கவிதைக்குள் நுழையவிடுவதில்லை. விட்டால் அதற்கு இயைபாக 'ரிலிஜன்', அதாவது மதம், உடன் வந்து சேரும், காதலிக்கும் அவருக்கும் இடையே அந்தப் பேச்சு இன்னும் எழவில்லை.

இந்த இனத்தாரில் சற்றுப் படித்தவர் 'அசைத்தல்' எனப் பொருள்படும் 'மூவ்' என்பதையும் 'மெய்ப்பித்தல்' எனப் பொருள்படும் 'ப்ரூவ்' என்பதையும் லவ்வோடு சேர்த்துவிட்டு, கேட்பவர் முகம் சுளித்தால், இது கண்ணியைபு, அதாவது காதுக்கு ஒவ்வாமல் எழுத்தில் மட்டும் ஒத்திருக்கும் இயைபு என்று விளக்கம் தருவார். ஷேக்ஸ்பியரே அப்படிச் செய்திருக்கிறார் என்பது அவருடைய கடைசி ஆயுதம். 1609-இல் அச்சான சானெட்டுகளில் 116-ஆவது பாடலின் இறுதி ஈரடி ப்ரூவ், லவ் என்னும் இரண்டின் இறந்தகால வடிவங்களாலேயே முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் அக்காலத்தில் இவ்விரு சொற்களும் இன்றைவிட நெருங்கி ஒலித்தன என்பது பழைய ஒலிப்பை மீட்டெடுக்க முயலும் மொழியியலாளர் பலரின் கருத்தாதலால், அன்று காதுக்காக எழுதப்பட்டதையே இவர் இன்று கண்ணின் கணக்கில் எழுதுகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2004-இல் லண்டன் குளோப் அரங்கில் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் அத்தகைய பழைய ஒலிப்பில் நடிக்கப்பட்டதுண்டு. லவ் என்பதில் உகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒகர எழுத்து நிற்பதற்கும் இடைக்காலப் படியெடுப்போரே காரணம் என்பர். குத்துக்கோடுகளாலேயே ஆன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் படிப்பவர் கண் தடுமாறும் என்று அவர்கள் எழுத்தை மாற்றிவைத்த கருணை, பிற்காலத்துத் தேடியாரின் கண்ணைத் தடுமாற வைத்திருக்கிறது.

இயைபு அகராதியும் அவருக்குப் பெரிய துணையாவதில்லை. 1775-இல் ஜான் வாக்கர் வெளியிட்ட புகழ்பெற்ற அகராதி, சொற்களைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி வைத்தது. எழுத்து ஒத்தவை யாவும் அதில் ஒரே தெருவில் குடியிருக்க, அவற்றுள் ஒலியும் ஒத்தவை எவை என்பதைக் கதவு தட்டித்தான் அறிய வேண்டும். (அதற்கு 43 ஆண்டுகள் முன்பே, இத்தாலியரான வீரமாமுனிவர் தமது சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியில் தமிழ்ப் புலவரின் எதுகைத் தேவையைக் கவனித்துக்கொண்டார் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.) எந்த அகராதியை வாங்கினாலும் நான்கு ஐந்தாவதில்லை; வாங்கியவருக்கு 'அகராதியிலேயே இல்லை' என்று சொல்லும் நிம்மதி மட்டும் கிடைக்கிறது.

அமெரிக்கக் கிளையினர் இதில் பாக்கியசாலிகள். வேற்றுமை உருபு போல வழங்கும் 'ஒவ்' என்னும் சிறுசொல் அமெரிக்க நாவில் 'அவ்' என்றாகி லவ்வோடு அப்படியே பொருந்துவதால், 'நான் கனவு காண்பது எதைப் பற்றியோ' என்பது போன்ற வாக்கியத்தில் 'பற்றி'யைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் அடி முடிந்துவிடும். அவ்வகைச் சொல்லால் வாக்கியத்தை முடிப்பது பிழை என்று 1672-இல் ஜான் டிரைடன் பென் ஜான்சனைக் குறை கூறியது முதல் ஆங்கில ஆசிரியர் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு மை செலவிட்டு வந்தனர். நியூயார்க்கின் 28-ஆம் தெருவில், 'டின் பேன் ஆலி' என்று பெயர் பெற்ற பாட்டுச் சந்தையில் அந்த மைக்கு மதிப்பில்லை. அங்கே நிலாவாகிய 'மூன்' உதித்தால் மாதம் 'ஜூன்' ஆகத்தான் இருக்கும் என்பது எழுதப்படாத பஞ்சாங்கம். இந்தத் தேய்ந்த இணைகளைக் கேலி செய்தே 1931-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக ஐரா கெர்ஷ்வின், வரியின் நடுவெல்லாம் 'பிளா பிளா' என்று நிரப்பி இறுதிச் சொற்களை மட்டும் விட்டுவைத்துப் பாட்டெழுதினார். தேடியார் அதைக் கேலி என்று கொள்ளாமல் செய்முறை விளக்கம் என்று கொண்டதாகவே தெரிகிறது.

நான்காவது சொல்லாகிய 'ஷவ்' அவருடைய காகிதத்தின் ஓரத்தில் அடித்தும் அடிக்காமலும் கிடக்கும். காதலியைத் தள்ளுவதற்கு ஏற்ற சூழலை அவரால் கற்பிக்க முடிவதில்லை. கடைசியில் வானமும் புறாவும் முன்னமே செலவாகிவிட்ட நிலையில், எட்டு அடியும் அவளுடைய கையையும் அதன் கையுறையையும் புகழ்வதாக முடிகின்றன. அவளிடம் கையுறையே இல்லை என்பது பிறகு நினைவுக்கு வர, தேடியார் நேர்மையுள்ளவராதலால், பாடலைத் திருத்துவதைவிட மலிவு என்று கருதி ஒரு ஜோடி வாங்கப் புறப்படுகிறார். கடைக்காரர் அளவு கேட்கிறார். சிறியதா, நடுத்தரமா, பெரியதா என்று மும்முறை கேட்டும் தேடியாரிடமிருந்து விடை வருவதில்லை.